முப்பத்தெட்டாம் நிமிடம்

“அழிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள் பின்னக்கா.

“அழிச்சிட்டேன்க்கா. ரெண்டு நாள் வேலை. வேற யார் கையிலயும் குடுக்கல, நானே உக்காந்து பக்கம் பக்கமா அழிச்சேன். பாருங்க, நேத்து அச்சாபீஸ்ல இருந்து வந்த மாதிரி இல்ல?”

கிளப் செயலாளர் கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் நின்றுகொண்டு, பாராட்டு எப்போது வரும் என்று அவள் முகத்தையே பார்த்தார். கண்ணாடிக்கு அடியில் பச்சைத் துணி விரித்து, அதன்மேல் நாற்பது புரோகிராம்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் அவளுடையவை. கிளப்புக்கு அறுபது வயசு ஆகுது, கண்காட்சி வைக்கிறோம், எங்ககிட்ட பழசு ஒண்ணுகூட இல்ல என்று இதே செயலாளர் வந்து கேட்டதால், பத்து நாளுக்கு முன் பழைய போர்வையில் சுற்றி அவளே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவை.

புரோகிராம் என்பது ஆட்டத்தன்று மைதான வாசலில் விற்கிற சின்னப் புத்தகம். எட்டுப் பக்கம். முன் அட்டையில் கிளப் சின்னம், பின் அட்டையில் சைக்கிள் கடை விளம்பரம், நடுப்பக்கத்தில் இந்த அணிப் பதினொரு பேர், அந்த அணிப் பதினொரு பேர். ஆட்டம் முடிந்ததும் பாதிப் பேர் அதை உட்கார்ந்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைப்பார்கள். தொலைக்காத ஆட்கள் அந்த ஊரில் இரண்டே பேர்தான்.

ஒருத்தி பின்னக்கா. அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் முப்பத்தேழு வருஷம். தாளை மடித்து, அடுக்கி, நடுவில் இரண்டு பின் அடித்துப் புத்தகமாக்குவது அவள் வேலை. பெயரும் அப்படி வந்ததுதான். பின் சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் அடிக்கிற காப்பி கொஞ்சம் கோணலாக இருக்கும், விற்க ஆகாது. அது அவள் பைக்குள் போகும். மறுநாள் அதே காப்பியோடு மைதானத்துக்குப் போய், கேலரியில் நாலாவது படியில் உட்கார்ந்து, பென்சிலை எடுப்பாள். ஒலிபெருக்கியில் ஆள் மாற்றம் சொன்னால் அச்சில் உள்ள பெயரை அடித்து மேலே புதுப் பெயரை எழுதுவாள். கோல் விழுந்தால் நிமிடம், ஆள். மழை வந்தால் மழை. ஒரு தடவை நாய் உள்ளே ஓடி வந்து நாலு நிமிஷம் ஆட்டம் நின்றது, அதுவும் உண்டு.

இன்னொருவர் இந்தச் செயலாளர். வேலை மாற்றலாகி இருபது வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்தவர். இரண்டு காப்பி வாங்குவார், ஒன்று படிக்க, ஒன்று வைக்க. வைக்கிறதைக் கை கழுவிவிட்டுத்தான் தொடுவார், பிளாஸ்டிக் கவருக்குள் போட்டதை மறுபடி வெளியே எடுக்கமாட்டார். ஊரில் அவருக்குப் பெயர் கவர்க்காரர். இருவரும் ஒரே பைத்தியம் பிடித்தவர்கள், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனதே இல்லை. புரோகிராமில் எழுதுவது அவர் கணக்கில் பாவம். எழுதாத புரோகிராம் அவள் கணக்கில் வெறும் விளம்பர நோட்டீஸ்.

“நாற்பதுலயுமா?” என்றாள் பின்னக்கா.

“நாற்பதுலயும். கிளப் தலைவர் ‘எல்லாம் சுத்தமா இருக்கட்டும்’னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. நமக்குச் சுத்தம்னா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியுமா, நானே பாத்துக்கிட்டேன்.”

“பெட்டியத் திறங்க.”

“அக்கா, கை...”

“என் புஸ்தகம், என் கை. திறங்க.”

திறந்தார். வரிசையில் முதலாவதாக இருந்ததை எடுத்தாள். முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய கோப்பை இறுதி ஆட்டம், துறைமுக அணியோடு. கிளப் வாங்கிய ஒரே கோப்பை அதுதான். நடுப்பக்கத்தைப் பிரித்தாள். பதினொரு பெயரும் பளிச்சென்று இருந்தன. மடிப்புக்குள் ரப்பர் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“இதுலதான்க்கா ரொம்ப சிரமமாப் போச்சு. அழுத்தி எழுதியிருந்தீங்க. ஒன்பதாம் நம்பர் பேரு மேல கோடு, பக்கத்துல ‘38 ஒட்டடை’ன்னு இருந்தது. யாரோ உங்க கையில இருந்து வாங்கி விளையாடியிருக்காங்கன்னு நெனச்சேன்.”

“ஒட்டடை என் தம்பி.”

கவர்க்காரர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

“ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், அதனால மைதானம் முழுக்க அவனுக்கு அதுதான் பேரு. அன்னிக்கு அவன் மாற்று ஆளா வெளியில உக்காந்திருந்தான். ஒன்பதாம் நம்பர் ஆள் வரவே இல்ல. ரயில்வே கேட் பக்கத்துல பைக் செயின் அறுந்து நின்னுட்டாரு. கோச்சு அந்தச் சட்டையத் தூக்கி இவன்கிட்ட போட்டு, ‘அவன் வர்ற வரைக்கும் சும்மா ஓடிட்டிருடா’ன்னாரு. இவன் சும்மா ஓடல. முப்பத்தெட்டாவது நிமிஷம் தலையால முட்டினான். இடைவேளையில அந்த பைக் ஆள் வந்து சேர்ந்தாரு, சட்டை கை மாறிச்சு. அப்புறம் ஒரு கோலும் இல்ல. ஒண்ணுக்கு சைபர். கோப்பையோட எடுத்த போட்டோல ஒன்பதாம் நம்பர் சட்டைக்குள்ள யாரு நின்னா? லேட்டா வந்தவரு.”

“அந்த லேட்டா வந்தவரு...”

“உங்க தலைவரு.”

கவர்க்காரர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே செய்தித்தாள் சுற்றிய பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“அது என்ன?”

“தகடு. ஞாயித்துக்கிழமை இந்தக் கூடத்துச் சுவர்லயே திறக்கப்போறோம்.” என்றார் அவர். “பித்தளை.”

பின்னக்கா போய்த் தாளை விலக்கினாள். நல்ல செதுக்கல். *கோப்பையை வென்றுதந்த கோல், இரண்டாம் பாதி, 58ஆம் நிமிடம்.* கீழே தலைவரின் முழுப்பெயர், பட்டங்களோடு.

“இவ்வளவு வருஷமா ஏன்க்கா சும்மா இருந்தீங்க? பேப்பர்ல வரலையா?”

“பேப்பர்காரன் புரோகிராம்ல இருந்த பேரைப் பாத்து எழுதிட்டான். லீக் ஆபீஸ் காகிதத்தைக் கரையான் தின்னுடுச்சு. கோச்சு போய்ச் சேர்ந்துட்டாரு. கூட ஆடினவங்க பாதிப் பேர் ஊர்ல இல்ல, மீதிப் பேர் கமிட்டியில இருக்காங்க. இவரு டீக்கடையில உக்காந்து சொல்லுவாரு, நான் கேட்டுட்டுச் சிரிச்சிட்டுப் போவேன். வாயால சொல்றதுக்கெல்லாம் நான் எதுக்கு மல்லுக்கு நிக்கணும்? என் புஸ்தகத்துல இருந்தது.”

இருந்தது. அந்தச் சொல் இருவருக்கும் நடுவே நின்றது.

பின்னக்கா நடுத்தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தாள் தடவிப் பழகிய விரல். ஓரிடத்தில் நின்றது, திரும்பி வந்தது, மறுபடி நின்றது.

“கரிதான் போயிருக்கு. பள்ளம் போகல,” என்றாள்.

---

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். தண்ணி லாரி நாலு ஓட்டுகிறவர், குரலும் லாரி ஹாரன்தான்.

“என்னம்மா பின்னக்கா! உன் புஸ்தகமெல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்குது பாத்தியா!”

“பாத்தேன். தகட்டையும் பாத்தேன். அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு.”

“அம்பத்தெட்டேதான். வலது கால். இன்னமும் அந்த அடி என் கால்லயே இருக்கு.”

“தலையால முட்டினது எப்படிங்க கால்ல இருக்கும்?”

தலைவர் அவளைப் பார்த்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்ததாகிவிட்டிருந்தது. அந்தக் கோலைச் சொல்லித்தான் கிளப்பில் உறுப்பினரானார், செயற்குழுவுக்கு வந்தார், தலைவரானார்.

“ஏம்மா, எழுதினது யாரு? அக்கா. யாருக்கு எழுதினா? தம்பிக்கு. அதுவும் பென்சில்ல. பென்சில்னா எப்ப வேணா எழுதலாம், எப்ப வேணா அழிக்கலாம். இதைப்போய் ஆதாரம்னு தூக்கிட்டு வரலாமா?”

“பென்சில்ல எழுதினது அந்தக் காகிதத்துக்குக் குடுத்த மரியாதை. உங்களுக்குக் குடுத்த வசதி இல்ல.”

“இப்ப அதுல என்ன இருக்கு, காட்டு பாப்போம்.”

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கினார்.

“எனக்கு என் பேருதான் தெரியுது.”

“தெரியும்,” என்றாள் பின்னக்கா. “ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?”

“நாலு மணிக்கு. நீயும் வா, முதல் வரிசையில நாற்காலி போடச் சொல்றேன்.”

“வர்றேன். நாற்காலி மட்டும் மறக்காதீங்க.”

---

தம்பியின் பட்டறையில் ஒரு தண்ணி லாரி மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கால்களைப் பார்த்தே பின்னக்கா பேச ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது கால்கள் அசையவே இல்லை.

“தூங்கிட்டானா?”

“இல்ல அண்ணி, யோசிக்கிறாரு. யோசிச்சா இப்படித்தான், பொணம் மாதிரி கிடப்பாரு,” என்றாள் தம்பி மனைவி. டீயை அக்காவிடம் ஒன்று கொடுத்து, லாரி சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தாள்.

“விடுக்கா,” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “தகடுதானே. துருப்பிடிச்சிட்டுப் போகுது.”

“பித்தளைடா. துருப்பிடிக்காது.”

“அப்ப களிம்பு ஏறட்டும்.”

“அவருக்கு விளக்கித் தேய்க்க ஆளா இல்ல? நீ வெளிய வா முதல்ல.”

வந்தான். ஐம்பத்துமூன்று வயது, இப்போது ஒட்டடைக்குச்சி இல்லை. வயிறு முன்னால் வந்த பிறகுதான் ஆள் வந்தான். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான்.

“இது யாரு லாரி?” என்றாள் அக்கா.

“தெரிஞ்சுதானே கேக்கிற.”

“அந்தப் பயமா?”

“பயமெல்லாம் இல்ல. இவரு போனா வேற லாரி வரும். எனக்கு அந்த கோல் வேணாம்க்கா. அதை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? அடுத்த வருஷமே முட்டி போச்சு, ஆட்டமும் போச்சு.”

“அவரு, நான் தம்பிக்காக எழுதினேங்கறாரு.”

“சொல்லட்டும்.”

“நான் தம்பிக்காக எழுதறவ இல்லன்னு காட்ட என்கிட்ட ஒண்ணு இருக்கு.”

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. “அக்கா. வேணாம்.”

“கோப்பைக்கு அடுத்த வருஷம். மில் அணியோட ஆடினது. அந்தப் புரோகிராம் கண்காட்சிக்குப் போகல, வீட்டுலதான் இருக்கு. ஒரு புள்ளிகூட அழியல.”

“அக்கா, அதை மட்டும் எடுக்காத.”

“எதை எடுக்க வேணாங்கறாரு?” தம்பி மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தாள். “என்ன அண்ணி அது?”

“எழுபத்தொண்ணாவது நிமிஷம். உன் வீட்டுக்காரன் பந்தைத் திருப்பி நம்ம கோலுக்குள்ளயே அடிச்சான். தோத்தோம்.”

“கோலி கையில பட்டு உள்ள போச்சு!” என்று தம்பி கத்தினான். முப்பத்துமூன்று வருஷமாகக் கத்துகிற அதே வேகம்.

“கோலைக் காக்க வேண்டிய கோலி அந்நேரம் தரையில குப்புறக் கிடந்தான். பந்து அவன் முதுகுக்கு மேல போச்சு. அவன் பந்தைப் பாக்கவே இல்ல.”

“அடப்பாவி மனுஷா,” என்றாள் மனைவி. “இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்றேன். முட்டி வலி வந்தா சொல்றாரு, மூலம் வந்தா சொல்றாரு, இதை மட்டும் வாயத் திறக்கலையே! பசங்ககிட்டயும் கோலி கோலின்னுதானே சொல்லி வச்சிருக்காரு!”

“இதுக்குத்தான் வேணாங்கறேன்.”

“மொத்தம் எத்தனை கோல் போட்டீங்க நீங்க?”

“ரெண்டு,” என்றாள் அக்கா. “அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தம்பி அதைப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினான். அவன் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

“அன்னிக்குச் சாயங்காலமே ரப்பரோட வந்தேனே, ஞாபகம் இருக்கா? உன் காலடியில உக்காந்து, ஒரு வரிதானே, அழிச்சிடுக்கான்னு அழுதேனே?”

“இருக்கு.”

“நீ அழிக்கல.”

“அழிக்கல. நடந்ததை எப்படிடா அழிக்கறது?”

“அப்ப எனக்காக ஒரு வரி அழிக்காதவ, இப்ப எனக்காக வந்து ஊருக்கு முன்னாடி நிக்க வேணாம்.”

“உனக்காக யாருடா நிக்கறா?” பின்னக்கா டீ கிளாஸைத் தரையில் டக்கென்று வைத்தாள். “கோல் உன்னுது. வேணும்னா வச்சுக்க, வேணாம்னா தூக்கிப் போடு. எழுத்து என்னுது. நாலாவது படியில வெயில்லயும் மழையிலயும் உக்காந்து நான் எழுதினது. அதை ஒருத்தர் அழிச்சாரு, ஒருத்தர் ‘ஒண்ணும் தெரியல’ங்கறாரு. நான் எனக்காக நிக்கறேன். நீ வந்தா வா, வராட்டி லாரிக்கு அடியிலயே கிட.”

எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு போனாள். பட்டறை வாசலில் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கால் மட்டும்தான் தெரிந்தது.

---

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கேலரிக்குக் கீழே உள்ள கூடம் நிரம்பிவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள், அவர்கள் குடும்பம், பச்சைச் சட்டை போட்ட இளவட்டங்கள். தலைவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், முதல் வரிசையில் பின்னக்காவுக்கு ஒரு நாற்காலி. அவள் மடியில் துணிப்பை இருந்தது. கவர்க்காரர் அவள் பக்கம் திரும்பாமலே மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தகட்டின் மேல் திரை தொங்கியது. தலைவர் மைக்கைப் பிடித்து, ரயில்வே கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நேராக ஐம்பத்தெட்டாவது நிமிஷத்துக்கு வந்தார்.

“தலைவரே,” என்றாள் பின்னக்கா, நாற்காலியிலிருந்து எழுந்து. “திரையை இழுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.”

“என்னம்மா, மறுபடியும் தம்பி கதையா?” தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “இந்த அம்மாதான் நமக்குப் புரோகிராமெல்லாம் குடுத்தவங்க, கை தட்டுங்க. ஒரே ஒரு குறைதான். தம்பி பாசம். கோப்பை கோலைத் தம்பி போட்டான்னு பென்சில்ல எழுதி வச்சிருந்தாங்களாம்!”

சிரித்தார்கள். பின்னக்காவும் காத்திருந்தாள், சிரிப்பு அடங்கட்டும் என்று. பிறகு பையிலிருந்து ஒரு புரோகிராமை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஆமா, நான் தம்பிக்காகத்தான் எழுதறவ. இதையும் அவனுக்காகத்தான் எழுதினேன். சத்தமாப் படிங்க. மைக்ல விழணும்.”

தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படித்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

“‘71. ஒட்டடை. நம்ம கோலுக்குள்ளயே. கோலி மேல படல.’” அடக்க முடியாமல் தொடையில் தட்டினார். “அட, மில் ஆட்டம்! நானும் ஆடினேன்யா அன்னிக்கு! திரும்பி நின்னு நம்ம கோலுக்கே விட்டான் அந்தப் பய! எழுபத்தொண்ணேதான், முடிய இருபது நிமிஷம்கூட இல்ல. கோலி மேல படவே இல்ல, கண்ணால பாத்தேன். இந்த அம்மா எழுதினது நூத்துக்கு நூறு!”

“கடைசியாச் சொன்னது சரியா விழல,” என்றாள் பின்னக்கா. “இன்னொரு தரம் சொல்லுங்க.”

“நூத்துக்கு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

கூடத்தில் யாரோ கேட்டார்கள். “யாருப்பா அந்த ஒட்டடை?”

“நான்தான்.”

எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். கையில் கிரீஸ் துடைத்த துணியோடு தம்பி நின்றான். பின்னால் மனைவி, அவனைத் தள்ளிக்கொண்டு வந்தவள் மாதிரியும் பிடித்துக்கொண்டு வந்தவள் மாதிரியும்.

“நான்தான் அடிச்சேன்,” என்றான். “கோலி மேல படல. முப்பத்துமூணு வருஷமா பட்டுச்சுன்னு சொன்னேன், பொய். எங்கக்கா எழுதினதுதான் நிஜம். ரப்பரோட போய் அழுதேன், அப்பவும் அதை அழிக்கல அவ.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒரு பழைய ஆட்டக்காரர் மட்டும், “அட, நம்ம ஒட்டடையா, இவ்வளவு பெருத்துட்டான்,” என்றார்.

பின்னக்கா கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். “இப்ப அடுத்தது. கோப்பை ஆட்டம். அதையும் படிங்க தலைவரே.”

“அதுலதான் ஒண்ணும் இல்லையே,” என்றார் தலைவர். குரலில் ஹாரன் குறைந்திருந்தது.

“இருந்தது.” கவர்க்காரர் மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால், அவர் மெதுவாகச் சொன்னதும் கூடம் முழுக்கக் கேட்டது. “‘38 ஒட்டடை’ன்னு இருந்தது. ஒன்பதாம் நம்பர் பேரு அடிச்சிருந்தது. கீழே, ‘இடைவேளை, பழைய 9 வந்தார், செயின் அறுந்துச்சாம்’னு இருந்தது. நான்தான் அழிச்சேன். நல்லது பண்றோம்னு நெனச்சு அழிச்சேன். ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் படிச்சேன். படிக்காம எப்படிங்க அழிக்க முடியும்?”

அவர் பெட்டியைத் திறந்தார். புரோகிராமை எடுத்தார். அது இப்போது ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. காலையில் மனசு கேட்காமல் அவரே போட்டிருக்கவேண்டும். அந்த ஊர் அதுவரை பார்க்காததைச் செய்தார். கவரை உருவிக் கீழே போட்டார், கை கழுவாமலே நடுப்பக்கத்தைப் பிரித்தார், மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

“பென்சில் வேணாம்க்கா. அழுத்தி எழுதுங்க.”

பின்னக்கா பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். முப்பத்தேழு வருஷத்தில் ஒரு புரோகிராமிலும் அவள் பேனா வைத்ததில்லை. பிறகு தாளின் அடியில் இடது கை விரலைக் கொடுத்து, பள்ளம் எங்கே ஓடுகிறதோ அங்கேயே பேனாவையும் ஓட்டினாள். ஒன்பதாம் நம்பருக்கு நேராக ஒரு கோடு. மேலே மூன்று, எட்டு. அதன் பக்கத்தில் ஒட்டடை. எழுதி முடித்ததும், தலைவர் பார்க்கும்படி தாளைத் திருப்பி வைத்தாள்.

“இப்ப தெரியுதுங்களா?”

தலைவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

“தகடு அடிச்சாச்சு,” என்றார். “பித்தளையில அடிச்சதை மாத்த முடியாது.”

“மாத்தச் சொல்லலையே. திறங்க.”

அவர் கயிற்றை இழுத்தார். திரை விலகியது. பாதிக் கைதட்டல் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் அடங்கியது. எல்லார் கண்ணும் தகட்டில் இருந்த எண்ணைப் படித்துவிட்டு, மேசைமேல் இருந்த எண்ணுக்குத் திரும்பின.

பின்னக்கா முதல் வரிசையில் தனக்குப் போட்ட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். தகட்டுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள்.

“என்னம்மா பண்ற?” என்றார் தலைவர்.

“நாற்காலி போட்டுக் குடுத்தது நீங்கதானே. கண்காட்சி எத்தனை நாள்?”

“பதினஞ்சு நாள்,” என்றார் கவர்க்காரர்.

“அச்சாபீஸ்ல லீவு சொல்லிட்டேன். மீதி முப்பத்தொம்பதையும் எடுத்துட்டு வாங்க. பள்ளம் இருக்கிற வரைக்கும் எல்லாத்தையும் மறுபடி எழுதறேன். வர்றவங்க தகட்டையும் படிக்கட்டும், நான் எழுதறதையும் பாக்கட்டும். கேக்கறவங்களுக்குச் சொல்லுவேன். அந்த மில் ஆட்டத்தை நடுவுல வைங்க, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி.”

கவர்க்காரர் ஒரு அடுக்கைக் கொண்டுவந்து மேசையை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். இளவட்டங்கள் இரண்டு மூன்று பேர் சுற்றி வந்து நின்று, அவள் விரல் தாளுக்கு அடியில் எழுத்தைத் தேடுவதைக் குனிந்து பார்த்தார்கள். “மழை. ரெண்டாம் பாதி முழுக்க,” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். அடுத்ததில், “நாய். நாலு நிமிஷம்.”

தம்பி பக்கத்தில் வந்து, துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அக்கா, முப்பத்தெட்டு சரி. எழுபத்தொண்ணையும் பதினஞ்சு நாளும் காட்டணுமா?”

“காட்டணும்.”

“ஒரு வாரம் மட்டும்?”

“தள்ளி நில்லுடா, வெளிச்சத்தை மறைக்கிற,” என்றாள் பின்னக்கா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.